தலைமாட்டில் ஒரு தண்ணீர் பாட்டில்

சுந்தர் பிச்சையின் கதையை நான் முதன்முதலில் முழுசாகக் கேட்டது பொறியியல் கல்லூரி மூன்றாம் ஆண்டில், ஒரு செமினார் ஹாலில். கோட் போட்ட மோட்டிவேஷன் பேச்சாளர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். "அசோக் நகர்ல ரெண்டே ரூம் வீடு. போன் கிடையாது, ஃப்ரிட்ஜ் கிடையாது, கார் கிடையாது. தம்பியோட ஹால்ல படுத்துத் தூங்குன பையன் இன்னைக்கு கூகுள் சிஇஓ! உங்க எல்லார் பாக்கெட்லயும் போன் இருக்கு. நீங்க என்ன சாதிச்சீங்க?" என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான். எங்கள் வீடு கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில். ஒரே அறை. அப்பா தண்ணி லாரி டிரைவர். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். அவரைவிட ஒரு ரூம்தானே கம்மி, நான் என்ன சாக்கு சொல்வது?

அதன் பிறகு இந்தக் கதை என்னைத் துரத்திக்கொண்டே இருந்தது. பாண்டி பஜார் நடைபாதைப் புத்தகக் கடையில், கோச்சிங் சென்டர் சுவரில், சித்தப்பாவின் வாட்ஸ்அப்பில். யார் சொன்னாலும் அதே வரிசை, அதே ஏற்ற இறக்கம். எழுதியவர் பெயர் இல்லாமல் வாய்வழியாகப் பரவி, ஒரே வடிவத்தில் நிலைத்துவிட்ட கதை இது. அப்படியானால் நாட்டார் கதையைப் படிப்பதுபோல இதையும் படிக்கலாம். எதைச் சொல்கிறது, எதை விடுகிறது என்று பார்க்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் சண்டை பிச்சையோடு இல்லை. அவர் நிறுவனம் தொடங்கியவரும் இல்லை, வேலைக்குச் சேர்ந்து மேலே போனவர். 1972இல் மதுரையில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, ஐஐடி கரக்பூர், ஸ்டான்ஃபோர்டு வழியாக 2004இல் கூகுளில் சேர்ந்து, 2015இல் அதன் தலைவரானார். அது சாதாரணக் காரியம் இல்லை. நான் படிப்பது அவரைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதையை.

அந்தக் கதை பெரும்பாலும் 'இல்லை'களால் ஆனது. போன் இல்லை, டிவி இல்லை, கார் இல்லை. ஆனால் எண்பதுகளில் இதெல்லாம் யாரிடம் இருந்தது? 1991இல்கூட இந்தியாவில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசி கிடையாது. பணம் இருந்தவர்களும் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். சென்னைக்கு தூர்தர்ஷன் வந்ததே 1975இல்தான். ஒரு காலத்தின் இல்லாமையை எடுத்து ஒரு குடும்பத்தின் வறுமையாக மாற்றுவதுதான் இந்தக் கதை செய்யும் முதல் வேலை.

இரண்டாவது வேலை, இருந்தவற்றை மறைப்பது. அப்பா ஜிஇசி நிறுவனத்தில் எலக்ட்ரிகல் இன்ஜினியர். அம்மா குழந்தைகள் பிறக்கும்முன் ஸ்டெனோகிராபர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது ஐஐடி மெட்ராஸ் வளாகத்துக்குள் இருக்கும் வனவாணி பள்ளியில். பிறகு படித்தது அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஐஐடியில். அவர் அங்கே படித்த 1989-93 காலத்தில் ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மட்டும்தான் இடஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோருக்கு வந்தது 2008இல்தான். ஐஐடி மெட்ராஸை மையமாக வைத்து அஜந்தா சுப்ரமணியன் எழுதிய 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' (2019) என்ற ஆய்வு நூல், பரம்பரையாகக் கையில் இருந்தது எப்படித் 'தகுதி' என்ற பெயரில் சுத்தமாகிறது என்பதை விரிவாகப் பேசுகிறது. எங்கள் ஹவுசிங் போர்டிலிருந்து அந்த வளாகத்துக்கு நடந்தே போகலாம். அதற்குள் ஒரு பள்ளிக்கூடம் இருப்பது எனக்குத் தெரிந்தது கல்லூரி முடித்த பிறகு.

கதையின் உச்சம் விமான டிக்கெட். ஸ்டான்ஃபோர்டுக்குப் போக அப்பா ஏறத்தாழ ஒரு வருஷச் சம்பளத்தைச் செலவழித்தார் என்று பிச்சையே 2020 ஜூனில் பட்டதாரிகளுக்கு ஆற்றிய உரையில் சொன்னார். கடன் நேரத்துக்குக் கிடைக்காமல் சேமிப்பிலிருந்து ஆயிரம் டாலர் எடுத்தார்கள் என்று 2014இல் ப்ளூம்பெர்க் பிசினஸ்வீக் எழுதியது. அப்பாவின் தியாகம் என்று இந்த இடத்தில் பேச்சாளர் குரல் தழுதழுக்கும். தியாகம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு வருஷச் சம்பளத்தைச் சேர்த்து வைக்க வேண்டுமென்றால், சம்பாதித்த அத்தனை வருஷமும் சாப்பாடு போக ஏதோ மிஞ்சியிருக்க வேண்டும். தமிழில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: சிக்கனம். சிக்கனம் என்பது இருப்பதைப் பிடித்து வைப்பது. வறுமையில் பிடித்து வைக்க ஒன்றும் இருக்காது.

அதே 2020இல் 'சூரரைப் போற்று' வந்தது. அதில் சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டிய மகன், டிக்கெட்டுக்குக் காசு போதாமல் விமான நிலையத்தில் பார்ப்பவர்களிடமெல்லாம் கையேந்துகிறான். கேப்டன் கோபிநாத்தின் சுயசரிதையைத் தழுவிய படம் அது. கர்நாடகத்துக்காரரைச் சோழவந்தான் பையனாக்கி, இன்னும் ஏழையாக்கி எடுத்தார்கள். இரண்டிலும் ஒரு டிக்கெட். ஒன்று கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை. சிக்கனத்துக்கும் வறுமைக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். மேலே வந்தவன் பரம ஏழையாக இருந்திருந்தால்தான் நமக்கு அந்தக் கதை இனிக்கிறது என்பதும் அந்தப் படத்திலிருந்து தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. பிச்சை தன் உரையில், தான் இங்கிருந்து அங்கே போனதற்குத் தொழில்நுட்பத்தின் மேலிருந்த பிரியத்தையும் திறந்த மனதையும் காரணமாகச் சொல்லும்போது, அதிர்ஷ்டம் நீங்கலாக என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறார். நான் கேட்ட மறுசொல்லல் ஒன்றில்கூட அந்த வார்த்தை இல்லை. மூலத்தில் இருந்த அடக்கத்தை நாம்தான் வெட்டி எறிந்திருக்கிறோம். அதிர்ஷ்டம் உள்ளே வந்தால் "நீ என்ன சாதிச்ச?" என்று கேட்க முடியாதே.

வெட்டி எறிந்ததில் இன்னொரு வரியும் இருக்கிறது. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் இலக்கியமாகப் படுவது அந்த ஒன்றுதான். 2018இல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில், தான் வளரும்போது சென்னையில் வறட்சி இருந்ததையும் அது வீட்டில் உண்டாக்கிய பதற்றத்தையும் சொல்லிவிட்டு, இன்றைக்கும் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் இல்லாமல் தன்னால் தூங்க முடிவதில்லை என்கிறார்.

போன் கதை மேலே ஏறுகிறது: அன்று போன் இல்லை, இன்று ஆண்ட்ராய்டு. டிக்கெட் கதையும் ஏறுகிறது. தண்ணீர் பாட்டில் எங்கேயும் ஏறவில்லை. கலிஃபோர்னியாவில், உலகத்தின் பெரிய நிறுவனங்களில் ஒன்றின் தலைவராக இருக்கும்போதும், அசோக் நகர்ப் பையனின் பயம் அப்படியே தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது. வெற்றி அதைத் தீர்க்கவில்லை. அதனால்தான் மோட்டிவேஷன் மேடைக்கு அது உதவுவதில்லை.

இந்த பாட்டிலை எழுதத் தெரிந்தவர் அசோகமித்திரன். தி.நகரில் நெடுங்காலம் வாழ்ந்தவர். 'தண்ணீர்' நாவலில் ஒரு சென்னைத் தெரு, அடிபம்பு, குடங்கள், தோண்டிப் போட்ட சாலை, குழாயில் கலக்கும் சாக்கடை. சினிமா வாய்ப்பு என்று ஏமாற்றப்படும் ஜமுனா, தங்கை சாயா, பக்கத்து வீட்டு டீச்சரம்மா. இதில் யாரும் சிஇஓ ஆவதில்லை. ஜமுனா அன்றைய நாளைக் கடந்து மறுநாளுக்கு எழுந்திருப்பதுதான் நாவலின் சாதனை. இல்லாமையை ஏணியாக்காமல் இல்லாமையாகவே பார்க்க அவருக்கு முடிந்தது. குடத்தைத் தூக்குவது யார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. பெண்கள்தான் தூக்குகிறார்கள். நம் வெற்றிக்கதைகளில் அப்பா டிக்கெட் வாங்குவார், அம்மா தண்ணீர் பிடித்ததை யாரும் சொல்ல மாட்டார்கள்.

தி.நகரில் தாத்தாவின் பெரிய வீட்டில் வளர்ந்த இந்திரா நூயியும் தண்ணீரை அளந்து செலவழித்த சென்னையைப் பற்றிப் பேசியிருக்கிறார். பெரிய வீடு, சின்ன வீடு, இரண்டிலும் தண்ணீர் பயம். ஆக அது ஒரு நகரத்தின் தாகம். அதை ஒரு தனிமனிதரின் சோதனைக் காலமாக மாற்றி, அவர் ஜெயித்துவிட்டார் என்று கைதட்டினால், நகரம் தப்பித்துக்கொள்கிறது. 2019இல் ஏரிகள் வற்றியபோது ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது ஞாபகம் இருக்கலாம். எங்கள் பிளாக் வாசலில் அப்போது ராத்திரி ஒரு மணிக்குக் குட வரிசை. அப்பா ஊருக்கெல்லாம் லாரியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவார். வீட்டில் அம்மா வரிசையில் நிற்பாள்.

போன மாதம் அந்தப் பேட்டியைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். இவ்வளவு பெரிய ஆள், இன்னமும் தண்ணி பாட்டில் இல்லாமல் தூங்க மாட்டாராம் என்றேன்.

"எந்த ஏரியா?"

"அசோக் நகர்."

"அங்கல்லாம் நிறைய லோடு அடிச்சிருக்கேன்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பயம் இருக்கும்டா. அப்ப பாத்தவங்களுக்கு இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.