பட்டிமன்றத்தை எப்படி ரசிப்பது?

பொங்கலோ தீபாவளியோ, காலையில் தொலைக்காட்சியைப் போட்டால் ஒரு பட்டிமன்றம் ஓடும். சாலமன் பாப்பையா நடுவராக உட்கார, ராஜாவும் பாரதி பாஸ்கரும் எதிரெதிர் அணியில் மோதினால் வீடே கூடிவிடும். சிரிப்போம், கைதட்டுவோம். முடிந்ததும் "எந்த அணி சொன்னது சரி?" என்று கேட்டுப் பாருங்கள். அதிகம் சிரிக்க வைத்தவரின் அணியைத்தான் பலரும் சொல்வார்கள்.

பேச்சின் அழகு வேறு, வாதத்தின் பலம் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கவனித்தால் பட்டிமன்றம் இரட்டிப்பாக ருசிக்கும்.

தலைப்பிலிருந்தே தொடங்குங்கள்

'பிள்ளைகளுக்குச் செல்போன் வரமா, சாபமா?' என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டே வாசல்தான் திறந்திருக்கிறது. மேடைக்கு அது வேண்டும். இல்லாவிட்டால் மோதல் ஏது? ஆனால் எந்த வயதில், எவ்வளவு நேரம், எதற்காக என்ற கேள்விகள் வெளியே நின்றுவிட்டன. 'இதுவா, அதுவா' என்று யார் கேட்டாலும், மூன்றாவது வழி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

குரலைக் கவனியுங்கள்

நல்ல பேச்சாளர் எடுத்த எடுப்பில் கத்த மாட்டார். ஒரு தாயின் கதையை மெல்லத் தொடங்குவார். முக்கியமான இடத்தில் குரலை இறக்குவார். அரங்கமே காதைத் தீட்டும்போது, "இதற்கா அந்தத் தாய் பாடுபட்டாள்?" என்று கேட்டு நிறுத்துவார். பதிலை நம் மனமே சொல்லிவிடும். நாமே சொன்ன பதில் என்பதால் அதை எளிதில் நம்பியும் விடுவோம். கண் கலங்கினால் கலங்கட்டும். அந்தக் கதை எதை நிரூபித்தது என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு சோறு பதமா?

"எங்கள் தெருவில் ஒரு பையன். செல்போனை எடுத்தான், கணக்கில் கோட்டைவிட்டான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்!" என்று ஒருவர் முழங்குகிறார். அரங்கம் அதிர்கிறது.

பழமொழி பொய்யில்லை. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. அதனால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். பிள்ளைகள் அப்படியா? அந்தப் பையன் போன் வாங்குவதற்கு முன்பே கணக்கில் திணறியிருக்கலாம். போனிலேயே கணக்குப் பாடம் பார்க்கும் பிள்ளையும் அதே தெருவில் இருக்கலாம். ஒருவனை வைத்து ஊருக்கே முடிவு கட்டுவது அவசரம்.

இதையெல்லாம் நம் முன்னோர் எப்போதோ யோசித்துவிட்டார்கள். மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் துறவி அறவண அடிகள் காப்பிய நாயகி மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. அடுக்களையில் அப்படித்தானே பார்க்கிறோம்! இதில் சொல்லவந்த முடிவுக்குப் பெயர் 'பக்கம்', காரணத்துக்குப் பெயர் 'ஏது', எடுத்துக்காட்டுக்குப் பெயர் 'திட்டாந்தம்'. மூன்றிலும் போலிகள் நுழையும் என்று அவர் வகைவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். நம் பேச்சாளரின் சோறு, பொருந்தாத எடுத்துக்காட்டு.

சிரிப்புக்குள் ஒளிந்திருப்பவை

"செல்போன் வேண்டாம் என்கிறாரே, மேடையேறும்வரை அவர் கையில் இருந்தது என்ன?" இது ஆளைத் தாக்குவது. அவர் போன் பார்த்தார் என்பதால் அவர் சொன்ன காரணம் பொய்யாகிவிடாது.

"இவர்கள் பேச்சைக் கேட்டால் இனி புறா காலில்தான் கடிதம் கட்ட வேண்டும்!" எதிரணி சொன்னது பிள்ளைகளுக்குப் போன் வேண்டாம் என்பது மட்டுமே. சொல்லாததைச் சொன்னதாக்கி, அதை அடித்து வீழ்த்துகிறார்.

"போன் வந்தது, பிள்ளைகள் விளையாட்டை மறந்தார்கள்." காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம். விளையாட இடம் இல்லாமல் போனதும் காரணமாக இருக்கலாமே?

ஒன்றை மறக்க வேண்டாம். வாதம் ஓட்டை என்பதால் முடிவும் தவறு என்றாகாது. சரியான முடிவுக்குச் சொத்தைக் காரணம் சொல்பவர்களும் உண்டு.

தீர்ப்புக்கு முன்

அடுத்த பட்டிமன்றத்துக்கு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, 'கைதட்டல்' என்று ஒரு பக்கமும் 'காரணம்' என்று மறுபக்கமும் எழுதுங்கள். நல்ல நகைச்சுவை, உருக்கமான கதை, அடுக்குமொழி எல்லாம் முதல் பக்கத்துக்கு. எதிரணியால் எளிதில் தட்டிவிட முடியாத காரணங்கள் மட்டும் இரண்டாம் பக்கத்துக்கு. ஒரே பேச்சு இரண்டிலும் இடம்பிடித்தால் எழுந்து நின்றே கைதட்டலாம்.

நடுவர் பேசத் தொடங்கும்முன் உங்கள் தீர்ப்பை எழுதிவிடுங்கள். அவருடையது மாறுபட்டால், பெரியவர் சொல்லிவிட்டாரே என்று உடனே அடித்துத் திருத்தாதீர்கள். அவர் எந்தக் காரணத்தை எடைபோட்டார் என்று பாருங்கள். அது உங்களுடையதைவிட வலுவாக இருந்தால் மட்டும் திருத்துங்கள்.