ஸ்பானிய–ஆங்கிலக் கணக்கியல் கலைச்சொல் பெயர்ப்பு: 'ஒரு சொல்லுக்கு ஒரு நிகரன்' என்னும் நெறியின் போதாமை

ஆய்வுச் சுருக்கம்

ஸ்பானிய நிதிநிலை அறிக்கைகளை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் இருமொழிக் கலைச்சொற்பட்டியல்களைப் பெரிதும் சார்ந்துள்ளனர். இப்பட்டியல்கள் சொல்லுக்கு நிகரனைத் தருகின்றன. அச்சொல் எந்த நாட்டின், எந்த ஆண்டின், எந்த விதித்தொகுப்பின் சொல் என்பதைத் தருவதில்லை. இக்குறைபாட்டினால் சொல் சரியாகப் பெயர்க்கப்பட்ட இடத்திலும் பொருள் பிறழ்வதைச் சில கலைச்சொற்களின் வழி இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கணக்கியல் கலைச்சொல், ஸ்பானியம், ஆங்கிலம், நிகரன், விதித்தொகுப்பு, நற்பெயர்.

முன்னுரை

கணக்கியல் மொழிபெயர்ப்பில் நிகழும் பிழைகளை விளக்கும்போது 'போலி நண்பர்கள்' எனப்படும் ஒலியொப்புச் சொற்களையே முதலில் எடுத்துக்காட்டுவது வழக்கம். ஸ்பானிய 'பலான்சே' என்பது ஐந்தொகையைக் குறிக்கும். ஆங்கில 'பேலன்ஸ்' குறிக்கும் கணக்கு மீதிக்கு ஸ்பானியத்தில் 'சால்தோ' என்னும் வேறு சொல் உண்டு. 'கபிதால் சொசியால்' என்பது நிறுமத்தின் பங்கு முதல். அதனைச் 'சோஷியல் கேபிடல்' என எழுதினால் அது சமூகவியல் கருத்தாகிவிடும். 'பில்யோன்' ஓர் இலட்சம் கோடி. இக்கால ஆங்கிலத்தின் 'பில்லியன்' நூறு கோடி. எனவே ஆங்கில 'பில்லியன்' ஸ்பானியத்தில் 'மில் மில்யோனெஸ்' ஆகும். இவ்வகைப் பிழைகள் தொகையையே ஆயிரம் மடங்கு மாற்ற வல்லவை. எனினும் பயிற்சி பெற்ற பெயர்ப்பாளர் இவற்றை எளிதில் தவிர்ப்பர். பட்டியலைப் பிழையின்றிப் பின்பற்றியபோதும் நேரும் பிறழ்ச்சிகளே ஆய்வுக்குரியன.

ஒரு சொல், பல செயல்கள்

'அமோர்திசாசியோன்' என்னும் சொல்லுக்குப் பட்டியல்கள் முதலில் தரும் நிகரன் 'அமோர்டைசேஷன்'. ஸ்பெயினின் வழக்கில் இச்சொல்லின் பரப்பு மிக விரிந்தது. இயந்திரம், கட்டடம் முதலிய பருப்பொருட் சொத்துகளின் தேய்மானத்தை அது குறிக்கும்போது ஆங்கிலத்தில் 'டிப்ரிசியேஷன்' என்றே வரவேண்டும். காப்புரிமை போன்ற பருவுருவற்ற சொத்துகளுக்கு 'அமோர்டைசேஷன்' பொருந்தும். கடன் முதலைத் திருப்பிச் செலுத்துதலும் இதே சொல்லால் சுட்டப்படும். நிறுமம் தான் திரும்ப வாங்கிய பங்குகளை நீக்கிப் பங்கு முதலைக் குறைப்பதும் இதே சொல்தான். அங்கே ஆங்கிலம் 'கேன்சலேஷன்' என்னும். ஆக, ஓர் அறிக்கையின் நான்கு பக்கங்களில் இச்சொல் நான்கு ஆங்கிலச் சொற்களாகப் பிரியக்கூடும். இதற்கு மாறாக, மெக்சிக்கோ உள்ளிட்ட இலத்தீன் அமெரிக்க நாடுகளில் பருப்பொருட் சொத்துகளுக்குத் 'தெப்ரெசியாசியோன்' என்னும் தனிச்சொல் வழங்குகிறது. எனவே 'அமோர்திசாசியோன்' என்பதன் நிகரனைத் தேடுமுன், அறிக்கை எந்த நாட்டினது என்னும் வினாவை எழுப்புதல் வேண்டும்.

ஆண்டால் மாறும் பொருள்

நாட்டைப் போலவே ஆண்டும் பொருளை வரையறுக்கிறது. ஸ்பெயினின் 1990ஆம் ஆண்டுப் பொதுக் கணக்கியல் திட்டத்தில் 'புரொவிசியோன்' என்னும் சொல் இரு பணிகளை ஆற்றியது. வாராக் கடன், சரக்கிருப்பு மதிப்பு வீழ்ச்சி ஆகியவற்றுக்காகச் சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டும் தொகை ஒன்று. எதிர்கால இடர்களுக்கும் செலவுகளுக்கும் ஒதுக்கிய பொறுப்பு மற்றொன்று. 2007ஆம் ஆண்டில் 1514/2007 எண் அரச ஆணையால் வெளியாகி, 2008 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டம் இவ்விரண்டையும் பிரித்தது. சொத்தின் மதிப்பிழப்புக்குத் 'தெதெரியோரோ' என்னும் சொல் உரியதாயிற்று. 'புரொவிசியோன்' பொறுப்புகளின் பக்கத்திற்கு ஒதுங்கியது. 2006ஆம் ஆண்டின் அறிக்கையையும் 2009ஆம் ஆண்டின் அறிக்கையையும் ஒருவர் ஒருசேரப் பெயர்த்து, இரண்டிலும் 'ப்ரொவிஷன்' என்றே எழுதுவாராயின், அந்நிறுமத்தின் ஒதுக்குகள் மூன்றாண்டுகளில் திடீரெனக் குறைந்துவிட்டதாக ஆங்கில வாசகர் கருதக்கூடும். நிறுமத்தின் நிலை மாறவில்லை. சொல்லின் எல்லை மாறியிருக்கிறது. ஆண்டைக் குறிக்காத பட்டியல் இதனை உணர்த்தும் ஆற்றல் அற்றது.

சரியான நிகரனும் தவறான வாசிப்பும்

நற்பெயர் என்னும் கருத்தே இச்சிக்கலின் முழு வடிவத்தைக் காட்டுகிறது. ஆங்கில 'குட்வில்' ஸ்பெயினில் 'ஃபோந்தோ தெ கொமெர்சியோ' எனப்படும். பன்னாட்டு நிதி அறிக்கையிடல் தரங்களை வகுக்கும் அமைப்பின் ஸ்பானியப் பதிப்பும் இலத்தீன் அமெரிக்க வழக்கும் இதனைப் 'புளுஸ்வலீயா' என்கின்றன. ஸ்பெயினிலோ 'புளுஸ்வலீயா' மூலதன ஆதாயம். நகர்ப்புற நிலத்தின் மதிப்பு உயர்வின்மீது நகராட்சி விதிக்கும் வரிக்கும் மக்கள் வழக்கில் அதுவே பெயர். மார்க்சியப் பொருளியலில் உபரி மதிப்பு. தமிழில் 'குட்வில்' தமிழகப் பாடநூல்களில் 'நற்பெயர்' என்றும் இலங்கையில் 'நன்மதிப்பு' என்றும் வழங்குவதை அறிந்தோர்க்கு, ஒரே மொழி இரு நாடுகளில் இரு கலைச்சொல் மரபுகளைக் கொள்வது புதிதன்று. வேறுபாடு என்னவெனில், ஸ்பானியத்தில் ஒரு நாட்டின் சொல் மற்றொரு நாட்டில் வேறொரு வரிப்பொருளாக நிற்கிறது.

நாட்டை அறிந்து 'குட்வில்' எனச் சரியாகவே பெயர்த்தாலும் சிக்கல் தீர்வதில்லை. 1606/2002 எண் ஐரோப்பிய ஒழுங்குவிதிப்படி, பங்குச்சந்தையில் பதிவான ஸ்பானியக் குழுமங்கள் 2005 முதல் தம் ஒருங்கிணைந்த கணக்குகளைப் பன்னாட்டுத் தரங்களின்படி அளிக்கின்றன. அத்தரங்களில் நற்பெயர் ஆண்டுதோறும் மதிப்பிழப்புச் சோதனைக்கு உட்படும், தேய்மானம் செய்யப்படுவதில்லை. அதே குழுமத்தின் தாய் நிறுமம் தன் தனிக்கணக்கைப் பொதுக் கணக்கியல் திட்டத்தின்படி அளிக்கும்போது, 2016 முதல் நற்பெயரைப் படிப்படியாகக் கழித்தல் வேண்டும். மாற்றுச் சான்று இல்லையெனில் அதன் பயன்பாட்டுக் காலம் 10 ஆண்டுகள் எனக் கொள்ளப்படும். 100 இலட்சம் யூரோ நற்பெயர் ஒரு கணக்கில் ஆண்டுக்கு 10 இலட்சம் யூரோ செலவாகும். மற்றொன்றில் மதிப்பிழப்பு நேராதவரை செலவே ஆகாது. இரு கணக்குகளிலும் ஆங்கிலச் சொல் ஒன்றுதான். கடன் வழங்கலாமா என இலாபத்தை ஒப்பிடும் வங்கியாளர், பெயர்ப்பில் யாதொரு பிழையும் இல்லாமலே தவறான முடிவை எட்டக்கூடும்.

எது மூலமொழி?

'இமாஹென் ஃபியெல்' என்னும் தொடர் மற்றொரு கோணத்தை முன்வைக்கிறது. சொற்பொருளில் இது 'மெய்யான படிமம்'. ஆனால் இத்தொடர் ஸ்பானிய மண்ணில் தோன்றியதன்று. பிரித்தானியாவின் 1947ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தில் இடம்பெற்ற 'ட்ரூ அண்ட் ஃபேர் வியூ' என்னும் கோட்பாடு, 1978ஆம் ஆண்டின் ஐரோப்பிய நான்காம் நெறியுரை வழியாக ஸ்பெயினின் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் புகுந்தது. எனவே அதனை ஆங்கிலத்தில் பெயர்ப்பது ஒரு சொல்லைத் தாயகத்திற்கு மீளச் சேர்ப்பதாகும். 'ஃபெயித்ஃபுல் இமேஜ்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், பன்னாட்டுத் தரங்களின் கருத்துச் சட்டகத்தில் வேறு பொருளில் வழங்கும் 'ஃபெயித்ஃபுல் ரெப்ரசென்டேஷன்' என்பதனோடு அது மயங்கும்.

ஆங்கிலமும் ஒற்றை மொழியன்று. 'எக்ஸிஸ்தென்சியாஸ்' என்னும் சரக்கிருப்பை 'ஸ்டாக்' எனப் பெயர்த்தால் பிரித்தானியர் சரக்கெனக் கொள்வர். அமெரிக்கர் பங்கெனக் கொள்ளக்கூடும். 'கொன்குர்சோ தெ அக்ரேதோரெஸ்' என்னும் நொடிப்பு நடவடிக்கையைப் 'பாங்க்ரப்ட்சி' எனப் பெயர்த்தல் அமெரிக்கர்க்கு ஏற்புடைத்து. இங்கிலாந்திலோ அச்சொல் தனிமனிதருக்கே உரியது, நிறுமத்திற்கு ஆகாது. ஆதலின் சேர்மொழியிலும் நாட்டை வரையறுத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

சட்ட விளைவுடைய ஆவணத்தில் குறிப்புகளும் அடைப்புகளும் பெருகினால் வாசிப்பு தடைப்படும் என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் தேவையில்லை. 'சால்தோ' போன்ற சொற்களுக்குப் பட்டியலே போதும். விதித்தொகுப்புக்கேற்ப அளவீடு மாறும் சொற்களுக்கு மட்டும், அறிக்கையின் தொடக்கத்தில் எந்த விதித்தொகுப்பு, எந்த ஆண்டுப் பதிப்பு, எந்நாட்டு ஆங்கிலம் எனக் குறிப்பிட்டு, நற்பெயர், ஒதுக்கு போன்றவற்றுக்கு ஒரு வரி விளக்கம் சேர்த்தல் போதுமானது. கலைச்சொற்பட்டியலைத் தொகுப்போரும் ஒவ்வொரு பதிவிலும் நாடு, ஆண்டு, விதித்தொகுப்பு என்னும் மூன்று புலங்களைச் சேர்த்தல் வேண்டும். அவையின்றித் தொகுக்கப்படும் பட்டியல், பதிவுகளின் எண்ணிக்கையில் எத்துணைப் பெரிதாயினும், அதனை நம்பும் பெயர்ப்பாளரைத் தவற்றிலிருந்து காக்காது.