வெள்ளிமானின் கழுத்துப்பட்டை

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் வெள்ளியாலான கலைமான் கோப்பை ஒன்று இருக்கிறது. உயரம் 18 சென்டிமீட்டர்தான். இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் மக்கள் கி.மு. 14-13ஆம் நூற்றாண்டுகளில் செய்தது. கால்களை நெஞ்சுக்கடியில் மடக்கிய மானின் முன்னுடல், பின்பக்கம் மேலே எழும்பி அகன்ற கோப்பையாக விரிகிறது.

தலையையும் உடலையும் தனித்தனியாகத் தட்டி உருவாக்கியிருக்கிறார்கள். கொம்பும் காதும் கைப்பிடியும் பிறகு பொருத்தியவை. தலை உடலோடு சேரும் இடம் தெரியாதிருக்கக் கழுத்தில் கட்டம்கட்டமான ஒரு பட்டை. இணைப்பை மறைக்க வந்தது மானுக்கு நகையாகவே அமைந்துவிட்டது. எவ்வளவு தேர்ந்த கை! முழுப் பாத்திரத்திலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

விளிம்பைச் சுற்றி ஒரு வழிபாட்டுக் காட்சி. கோப்பையும் வேட்டைப் பறவையும் ஏந்தி அமர்ந்திருக்கும் தேவி, மான்மீது நிற்கும் தெய்வம், அவர்களை நோக்கி வரும் மூன்று ஆண்கள். அந்த ஆண்களுக்குப் பின்னால் மரத்தடியில் சாய்ந்து கிடக்கிறது ஒரு மான். கிளையில் அம்பறாத்தூணி தொங்குகிறது. வேட்டையாடப்பட்ட மான், தெய்வத்தைச் சுமக்கும் மான், மதுவைத் தாங்கும் மான் என மூன்றையும் ஒரே கோப்பையில் வைத்த அந்தக் கலைஞருக்கு மானின்மேல் இருந்தது வெறும் அழகுணர்ச்சி அல்ல, பக்தி என்றே நினைக்கிறேன்.