தோட்டப் பெண்ணும் அரசு என்னும் முதலாளியும்

தேயிலைத் தோட்ட வாழ்வைப் பேசும் தமிழ்ப் புனைகதைகளில் முதலாளி என்போன் பெரும்பாலும் வெள்ளைத்துரையே. இலங்கையைக் களமாகக் கொண்ட புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' (1935), ஆனைமலையைக் களமாகக் கொண்டு பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுத, இரா. முருகவேள் 2007இல் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு' ஆகிய இரண்டிலும் துரை, கங்காணி, நோய் என்னும் மூன்றுமே பெண்ணின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன. மருதியும் வள்ளியும் துன்புறுவோராக நம் நெஞ்சில் நிற்கின்றனர். உழைப்போராக நிற்கின்றனரா என்பதே இக்கட்டுரையின் வினா.

மருதியின் உடலுக்கு நேர்ந்தது மறக்கவொண்ணாதபடி சொல்லப்படுகிறது. அவள் பறித்த கொழுந்தின் எடையும் கூலிக் கணக்கும் பின்னணியாகவே நின்றுவிடுகின்றன. டேனியல் மருத்துவர், ஆதலின் லயத்தின் நெரிசலையும் காய்ச்சலையும் விரித்துரைக்கிறார். முன்பணக் கடன் தீராது வளரும் விதத்தையும் காட்டுகிறார். இவ்வகையில் அவர் நாவல் ஒரு படி முன்னே செல்கிறது எனலாம். எனினும் துரையின் பார்வை வள்ளிமேல் படும் இடங்களில் அவளது உழைப்பு பின்தங்கி, கற்பே கதைப்பொருளாகிவிடுகிறது.

துரை இல்லாத இடத்தில் இச்சட்டகம் பயன்படுமா? இலங்கையில் இடதுசாரிக் கட்சிகளுடன் 1970இல் அமைந்த கூட்டணி ஆட்சியின் 1972, 1975ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆயினும் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியினும் குறைவாகவே இருந்தது, 1984இல்தான் சமமாயிற்று. அவள் கூலியைக் கணவனோ தந்தையோ சென்று வாங்கும் வழக்கமும் இருந்தது. துரை நீங்கியபின்னும் நீடித்த இவ்வேற்றுமையை விளக்கக் 'கொடுமைக்காரத் துரை' என்னும் பாத்திரம் உதவாது.

கேரளச் சான்று இன்னும் சிக்கலானது. 1957இல் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தபோது தேவிகுளத்தின் உறுப்பினர் ரோசம்மா புன்னூஸ் என்னும் பெண்மணி. அவ்வாட்சியிலேயே, 1958இல், மூணாறு வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. நம் சித்தூர் வட்டத்து நெல்லியாம்பதியில் கொச்சி அரசு தொடங்கிய ஆரஞ்சு, காய்கறிப் பண்ணை இன்று கேரள வேளாண் துறைக்குரியது. அங்கும் கூலி தருவது அரசே.

2015 செப்டம்பரில் போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டபோது மூணாற்றுப் பெண்கள் இடதுசாரிச் சங்கங்கள் உள்ளிட்ட எல்லாச் சங்கத் தலைவர்களையும் விலக்கித் தாமே போராடினர். அவர்கள் கேட்டது கூலியும் போனசும். சூட்டிக்கொண்ட பெயர் 'பொம்பிளை ஒருமை'. இரக்கத்துக்குரியவளாகவே புனைகதை கண்ட பெண்ணை, கணக்குக் கேட்பவளாக அப்பெயர் முன்னிறுத்துகிறது.