தொகையும் துணையும்: விந்தை உயிர் விளையாட்டுக்களில் உயிர்ப்படைப்பு

விந்தை உயிர்களைப் பிடித்தும் பழக்கியும் உடன் கொண்டு செல்லுமாறு அமைந்த வீடியோ விளையாட்டுக்கள் ஜப்பானில் வளர்ந்து உலகெங்கும் பரவியவை. 1992இல் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட் 5', 1996இல் வெளிவந்த 'போக்கிமான்' சிவப்பு, பச்சைப் பதிப்புக்கள் ஆகியன இவ்வகையுள் பெயர் பெற்றவை. இவற்றில் கதை உண்டு, மாந்தர் உண்டு, அவலமும் உவகையும் உண்டு. ஆதலின், பாத்திரப் படைப்பை ஆராயும் திறனாய்வுக்கு இவையும் உரிய பொருளே. இவற்றில் வரும் உயிர்களுள் சில மட்டும் ஆடினோர் நெஞ்சை விட்டு நீங்காமை எதனால் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா.

உருவ அழகே காரணம் என்று கூறுவது எளிது. உருவம் வேண்டாதது என்பது நம் கருத்தன்று. போக்கிமான் முதலில் வெளிவந்தது கேம் பாய் என்னும் கைக்கருவியில். அதன் திரை அகலத்தில் 160 புள்ளிகளும் உயரத்தில் 144 புள்ளிகளும் உடையது. நான்கு சாயல்களுக்கு மேல் காட்ட இயலாதது. அச்சிறு திரையில் ஓர் உயிரைப் பிறிதோர் உயிரினின்று பிரித்தறியப் புறவடிவம் தெளிவுற அமைதல் வேண்டும். கென் சுகிமோரியும் அவருடன் பணியாற்றிய ஓவியரும் இதனைத் திறம்படச் செய்தனர். ஆயினும், தெளிந்த உருவம் இனம் அறியத் துணை செய்யுமேயன்றி நினைந்துருகச் செய்யாது. முதற்பதிப்பின் 151 உயிர்களும் ஒரு குழுவினரின் கைத்திறனில் எழுந்தவையே. எனினும், அவை அனைத்தும் ஒப்ப நினைவில் நிற்கவில்லை.

இவ்வகை விளையாட்டின் அடிப்படையிலேயே ஒரு முரண் உள்ளது. அது தொகைக்கும் துணைக்கும் இடையே எழும் முரண். தொகை எண்ணிக்கையை நோக்குவது; துணை ஒன்றனையே நோக்குவது. போக்கிமானைப் படைத்த சதோஷி தஜிரி, இளமையில் தாம் பூச்சிகளைச் சேர்த்துத் துய்த்த இன்பமே அதற்கு வித்து எனக் கூறியுள்ளார். பூச்சி சேர்ப்பவனுக்கு ஒரு வண்டு தொலைந்தால் அவ்வினத்து மற்றொரு வண்டு போதும். துணையை இழந்தவனுக்கு மற்றொன்று போதாது. மேலும், மெலியதைக் கைவிட்டு வலியதை ஏற்குமாறு போரின் அமைப்பே ஆடுவோரைத் தூண்டுகிறது. ஆகவே, இதற்கு ஈடு வேறில்லை என்னும் நிலைக்கு ஓர் உயிரை உயர்த்துவதே படைப்போன் முன் நிற்கும் கடமை. அது மூன்று வழிகளில் நிறைவேறக் காண்கிறோம்.

முதலாவது, காத்திருப்பு. போக்கிமானில் மாஜிகார்ப் என்றொரு மீன் வருகிறது. மலையருகே ஒருவன் அதனை 500 பணத்திற்கு விற்கிறான். வாங்கியபின் நோக்கின், அது துள்ளுவதன்றி வேறொன்றும் அறியாதது; துள்ளலாலும் பயனில்லை. அதனைப் போர்முகத்தில் நிறுத்தி, உடனே விலக்கி, வேறோர் உயிரைக் கொண்டு போரிட்டே அதற்கும் பயிற்சிப் பங்கு தேடித் தரல் வேண்டும். அங்ஙனம் 20ஆம் படியை எட்டுங்கால், அது கியாரடோஸ் என்னும் பெரும்பாம்பு வடிவினதாய் மாறுகிறது. அருவியை எதிர்த்தேறிய கெண்டை நாகவேந்தன் ஆயிற்று என்னும் சீனத் தொல்கதையின் நிழல் இதில் உண்டு. ஆனால், தொல்கதையில் ஏறியது மீன். விளையாட்டிலோ மீனை ஏற்றியவர் ஆடியவர். தம் பொறுமை அவ்வுயிரின் உடலாக நிற்பதை அவர் காண்கிறார். வலிய கியாரடோஸ் ஒன்றை வேறிடத்தில் பிடித்தவருக்கு இவ்வுணர்வு வாய்ப்பதில்லை.

இரண்டாவது, இழப்பு. இறந்த தாயின் தலையோட்டை அணிந்து வாழ்வது க்யூபோன் என்பது அதன் குறிப்பு. இவ்வளவே கூறிவிட்டிருந்தால் அது வெறும் செய்தியாய் நின்றிருக்கும். ஆனால், கல்லறைக் கோபுரத்தில் ஆவியொன்று வழிமறிக்கிறது. அது, தீயோர் கூட்டத்தால் கொல்லப்பட்ட மாரோவாக் என்னும் தாய் எனப் பின்னர் அறிகிறோம். அதனைப் பிடிக்க எறியும் பந்து பயன்படுவதில்லை; அதனைப் பிடிக்கவே இயலாது என்று விளையாட்டே அறிவித்துவிடுகிறது. எல்லாவற்றையும் பிடித்துச் சேர்க்கப் பணித்த நூல், இவ்வோரிடத்தில் சேர்த்தலை விலக்குகிறது! துயரம் தொகையுள் அடங்காது என்பதனை இவ்விலக்கு உணர்த்துகிறது. அதன்பின் க்யூபோனைக் காணும் கண் வேறாகிறது.

மூன்றாவது, உயிரின் நினைவு. இதற்கு டிராகன் குவெஸ்ட் 5 தலையாய சான்று. இளஞ்சிறுவனாகிய தலைவன், தோழி பியாங்காவுடன் சென்று, சிறுவர் இருவர் துன்புறுத்திய சிறுத்தைக்குட்டியொன்றை மீட்கிறான். அதற்குப் பெயரும் இடப்படுகிறது. பின்னர்த் தந்தை கண்முன்னே கொல்லப்படுகிறார், தலைவன் பத்தாண்டு அடிமையாகிறான், குட்டியும் பிரிகிறது. வளர்ந்தபின் ஒரு சிற்றூரார், தம் விளைவை அழிக்கும் விலங்கைக் கொல்லுமாறு அவனை வேண்டுகின்றனர். குகையில் எதிர்ப்படுவது அப்பழைய குட்டியே. பியாங்காவின் ரிப்பன் அதற்குப் பழமையை நினைவூட்டுகிறது. பகை நீங்கி உடன் வருகிறது. அக்குகையிலேயே தந்தையின் வாளும் கிடைக்கிறது. ஊரார்க்குப் பகையாய்த் தோன்றிய விலங்கே தலைவனுக்கு இளமையின் ஒரே சான்றாகி நிற்கும் இவ்விடம், பொருட்செறிவு மிக்கது. நம் அகப்பாடல்களில் விலங்குகள் கருப்பொருளாய் நின்று மாந்தர் உள்ளத்தை உள்ளுறையால் உணர்த்தும். இங்கோ விலங்கு குறிப்பாய் நில்லாது, தானே நினைவுடைய மாந்தனாய் நிற்கிறது.

பிக்காச்சூவின் புகழ் உருவத்தால் வந்ததன்றோ எனின், அன்று என்போம். தொலைக்காட்சித் தொடரைத் தழுவி 1998இல் வந்த மஞ்சள் பதிப்பில் அது பந்தினுள் அடங்க மறுத்து ஆடுவோர் பின்னே நடக்கிறது. உருமாற்றும் இடிக்கல்லையும் ஏற்க மறுக்கிறது. மறுக்கத் தெரிந்தமையால் அதற்கு உள்ளம் உண்டு என்று நம்புகிறோம். உருவம் கண்ணை ஈர்த்தது. மறுப்பே நெஞ்சைப் பிணித்தது.

தொகைக்கும் துணைக்கும் உள்ள முரண் 2019இல் வெளிப்படையாயிற்று. அவ்வாண்டு வந்த 'வாள்', 'கேடயம்' பதிப்புக்களில் பழைய உயிர்கள் அனைத்திற்கும் இடமில்லை என அறிவிக்கப்பட்டபோது, ஆடுவோர் பலர் கடிந்துரைத்தனர். உயிர்களின் எண்ணிக்கை பெருகிவிட்ட நிலையில், படைத்தோர் கூறிய காரணம் தொகை நோக்கில் முறையானதே. ஆயின், 2002இல் வெளியான ஆட்டத்தில் தாம் பிடித்துப் பெயரிட்ட அவ்வுயிரையே ஆட்டந்தோறும் கொண்டு வந்தவர்க்கு அஃது ஓர் இனத்தின் நீக்கமன்று; ஒரு தோழமையின் முறிவு. அவர் சினத்தை அறியாமை என்று ஒதுக்குதல் பொருந்தாது. அதனை அவருள் விதைத்தவர் படைத்தோரே.

2022இல் போக்கிமான் உயிர்களின் தொகை ஆயிரத்தைக் கடந்தது. புதிய உயிரைப் படைக்கப் புகுவோர், புதிய கொம்பும் வாலும் தேடுமுன், ஆடுவோர் இதற்காக எதனைப் பொறுப்பார், இது எதனை மறுக்கும், எதனை நினைவிற் கொள்ளும் என வினவுதல் வேண்டும். இவற்றிற்கு விடையில்லாத உயிர், எத்துணை அழகியதாயினும், தொகையில் ஓர் எண்ணாகவே நிற்கும். விடையுடைய உயிரே துணையாகும்.