வழியின் நீளமும் வாசற்படியின் உயரமும்

கல்வி தேடிச் செல்லும் குழந்தைகளைப் பற்றிய படைப்புகளை நாம் இரு வகையாகப் பகுத்துப் பார்க்கலாம். குழந்தை நடப்பதைக் காட்டி நம்மை நெகிழச் செய்பவை ஒரு வகை. அக்குழந்தை அவ்வளவு இடர்ப்பட நேர்ந்தது யாரால் என்று கேட்பவை மற்றொரு வகை. பாஸ்கல் பிளிசோன் என்னும் பிரெஞ்சு இயக்குநர் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆவணப் படம் முதல் வகையைச் சார்ந்தது. ‘பள்ளிக்குச் செல்லும் வழியில்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அப்படம், சிறந்த ஆவணப் படத்துக்குரிய செசார் விருதை 2014-இல் பெற்றது. அதனை இங்கு நாம் ஆராயப் புகுவதற்குக் காரணம் உண்டு. அதில் வரும் நான்கு கதைகளுள் ஒன்று நம் தமிழ் நிலத்தில் நிகழ்வது. மற்றொன்று மொராக்கோ நாட்டு முஸ்லிம் சிறுமியரைப் பற்றியது.

கென்யாவில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் தன் தங்கையுடன், யானைகள் உலவும் புல்வெளியூடே 15 கிலோமீட்டர் நடந்து பள்ளி சேர்கிறான். அர்ஜென்டினாவின் படகோனியா வெளியில் அதே வயதுடைய இன்னொருவன், தங்கையைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு 18 கிலோமீட்டருக்கு மேல் செல்கிறான். அட்லஸ் மலையின் 12 வயதுச் சிறுமி, தோழியர் இருவருடன், தங்கிப் படிக்கும் பள்ளியை அடைய ஒரு பகல் முழுதும் நடக்கிறாள். வங்கக் கடலோரத்தில், கால்கள் வழங்காத 13 வயதுச் சிறுவனை அவன் தம்பியர் இருவர், கிடைத்த பொருள்களைக் கொண்டு பொருத்திய சக்கர நாற்காலியில் வைத்து 4 கிலோமீட்டர் தள்ளிச் செல்கின்றனர்.

இப்படத்தின் நயங்களுள் தலையானது, அது குழந்தைகளைக் குழந்தைகளாகவே விட்டிருப்பது. தமிழ்ச் சிறுவர் மூவரும் வழியைப் பற்றி வாதிடுகின்றனர், மணலிலும் நீரிலும் நாற்காலி சிக்கும்போது திண்டாடுகின்றனர், சிரிக்கின்றனர். தமையனைச் சுமையென்று தம்பியர் கருதுவதாக ஒரு கணமும் தோன்றவில்லை. அறிவுரை கூறும் நூல்கள் பல சேர்ந்தும் உணர்த்த இயலாத உடன்பிறப்பின் பரிவை, தள்ளும் அந்தச் சின்னஞ்சிறு கைகள் உணர்த்திவிடுகின்றன. மலைப் பாதையில் கால் நோகும் தோழியை விட்டுப் போகாத சிறுமியரும் நம் நெஞ்சில் நிற்கின்றனர்.

எனினும், படம் முடிந்தபின் நம் உள்ளத்தில் எழும் வினாவுக்கு அதில் விடையில்லை. அட்லஸ் மலையில் அண்மையிலேயே ஒரு பள்ளி ஏன் இல்லை? நடக்க இயலாத சிறுவனுக்கு நல்லதொரு நாற்காலி தந்திருக்க வேண்டியவர் யார்? இவற்றைப் படம் கேட்பதில்லை. மலையும் ஆறும் விலங்கும் மட்டுமே தடைகளாகக் காட்டப்படுகின்றன. இயற்கையைக் குற்றம் சொல்ல எவரும் இல்லை. ஆகவே எவரும் குற்றவாளியல்லர். குழந்தையின் துணிவைப் போற்றும் ஆரவாரத்தில் பெரியோரின் கடமை மறைந்து போகிறது. அன்றியும், வழியில் நடப்பவரை மட்டுமே படக்கருவி தொடர்கிறது. வீட்டைவிட்டுப் புறப்படவே விடப்படாத குழந்தை எந்த வழியிலும் தென்படுவதில்லை. எனவே எந்தப் படத்திலும் இடம் பெறுவதில்லை.

அக்குழந்தையைக் கண்டு எழுதியவர் வங்கத்து முஸ்லிம் எழுத்தாளர் பேகம் ரொக்கையா. 1911-இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் தம் கணவர் சகாவத் ஹுசைன் நினைவாகப் பெண்பள்ளி நடத்தத் தொடங்கிய அவர், 1931-இல் ‘அவரோதபாசினி’ என்னும் நூலை வெளியிட்டார். அதன் இறுதிப் பகுதி பள்ளி வண்டியைப் பற்றியது. வெளிச்சமும் காற்றும் புகாதவாறு நாற்புறமும் அடைக்கப்பட்ட அவ்வண்டியில் சிறுமியர் மயங்கினர். சின்னஞ்சிறியவர் இருட்டுக்கு அஞ்சி அழுதனர். பெற்றோர் முறையிட்டனர். அடைப்பை நீக்கித் திரைச்சீலை தொங்கவிட்டதும், திரை காற்றில் அசைகிறதென்று வேறு சிலர் கடிதம் எழுதினர். பள்ளியைப் பத்திரிகைகளில் கண்டிப்போம் என்றும் மிரட்டினர். அடைத்தால் மூச்சு முட்டுகிறது. திறந்தால் பழி வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பள்ளியை நடத்திய பெண்ணின் கசந்த நகை அவ்வெழுத்தில் ஒலிக்கிறது. அங்கே மலையுமில்லை, யானையுமில்லை. ஒரே நகருக்குள் சில தெருக்களைக் கடக்கும் பயணந்தான். அதை அரிதாக்கியவர் மனிதர். ரொக்கையா அதை மறைக்கவில்லை. இலக்கியத்தின் கடமை இதுவென்று நாம் கருதுகிறோம்.

இந்த அளவுகோலை நம் வட்டாரத்துக்கும் பொருத்திப் பார்ப்போம். ஜவ்வாது மலையில் பிறந்து பாலாற்றில் கலக்கும் செய்யாற்றின் வட்டாரத்தில், அதே பெயர் கொண்ட ஊரையும் ஆரணியையும் சுற்றிப் பட்டுத் தறிகள் ஒலிக்கின்றன. ஆறு பிறக்கும் மலையில் தொலைவு மெய்யான தடைதான். அதற்காகவே அங்குப் பழங்குடியினர்க்கு அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. சமவெளியில் நிலை வேறு. பேருந்துக் கட்டணமில்லா அட்டையும் மிதிவண்டியும் வந்துவிட்டன. காமராசர் காலத்தில், 1956-இல் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவாக விரிந்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள், தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் அமைய வேண்டுமென்கின்றன. வழி குறுகிவிட்டது. வாசற்படியோ பல வீடுகளில் உயரமாகவே இருந்தது.

உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு நாடா மூன்று வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் துணையாள் ஒருவரும் வேண்டும். அத்துணையாள் நெடுங்காலம் சிறுவராகவே இருந்து வந்தனர். தறிக்காரர் பெற்ற முன்பணம் பிள்ளையின் உழைப்பால் கழிக்கப்பட்டது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் இவ்வாறு கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. அக்குழந்தைக்குப் பள்ளி அடுத்த தெருவில் இருந்தும் என்ன பயன்? அதன்பின் அக்காட்சி அருகியிருப்பது உண்மை. ஆயின் 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்துவிட்டு, பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்தில் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. இரவு நெடுநேரம் தறியடியில் அமர்ந்த பிள்ளை காலையில் வகுப்பில் உறங்கினால், அப்பயணத்தின் களைப்பை எந்தக் கிலோமீட்டர் கணக்கில் சேர்ப்பது?

நம் குடும்பங்களும் இங்கு ஒன்றைச் சிந்திக்க வேண்டும். உள்ளூரில் எட்டாம் வகுப்புவரை படித்த பெண், மேல்வகுப்பு அடுத்த ஊரில் இருக்கிறதென்ற காரணத்துக்காக நிறுத்தப்படுகிறாள். பெற்றோரின் அச்சம் பொய்யன்று. பெண்ணின் பாதுகாப்பில் அக்கறை கொள்வது கடமையே. ஆனால் அவ்வக்கறை துணைக்கு ஆள் தேடுவதாகவும், நான்கு வீட்டுப் பெண்களைச் சேர்த்தனுப்புவதாகவும், நேரத்துக்குப் பேருந்து விடுமாறு வற்புறுத்துவதாகவும் வெளிப்பட வேண்டும். கல்வி தேடுதலைக் கடமையாக்கிய மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அக்கடமையின் பாரத்தைச் சிறுமியின் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு ஒதுங்குதல் முறையாகாது.

ஆகவே, பிளிசோனின் படத்தைப் பிள்ளைகளுடன் சேர்ந்து காணுமாறு வாசகர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். அதன் அழகு நம்மைக் கவரட்டும். ரொக்கையாவின் நூலையும் தேடிப் படிக்க வேண்டுகிறோம். நாற்காலியைத் தள்ளிய தம்பியர் தங்கள் கடமையைச் செய்துவிட்டனர். எஞ்சியது பெரியவர்களாகிய நம்முடையது.