பையை அடுக்கியது யார்?

கோடை விடுமுறை நெருங்கினால் மகளிர் இதழ்களில் ஒரு பக்கம் தவறாமல் வரும். பயணத்துக்குப் பை அடுக்குவது எப்படி? பட்டியல் போடுங்கள். துணியை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மாத்திரைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். கடைசி நேர அவசரத்தைத் தவிருங்கள்.

இந்தக் குறிப்புகளை நான் கேலி செய்யவில்லை. நானே பலவற்றைப் பின்பற்றுகிறேன். எனக்கு உறுத்துவது அவற்றில் வரும் 'நீங்கள்' என்ற சொல். குழந்தையின் தொப்பி, மாமியாரின் தைலம், கணவரின் சார்ஜர் என்று வீட்டில் உள்ள எல்லோருடைய பொருளும் பட்டியலில் இருக்கின்றன. நினைவில் வைத்திருக்க வேண்டியவள் மட்டும் ஒருத்திதான். ஒன்று விட்டுப்போனால் "நீ எடுத்து வைக்கலையா?" என்ற கேள்வி அவளிடம்தான் வரும். வீட்டு வேலை விடுமுறையிலும் கூடவே வருகிறது என்பதை அந்தப் பக்கம் சொல்வதில்லை. அதைத் திறமை என்று பாராட்டிவிட்டு நகர்கிறது.

அதே பக்கம் பயணத்துக்குப் பின்னலாடைதான் ஏற்றது என்கிறது. உண்மைதான். நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னிய துணி இழுத்தால் நெகிழும், எளிதில் கசங்காது. அந்தத் துணி எங்கள் திருப்பூர் துணி. என் அம்மா ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தார். பிசிர் வெட்டி, செக்கிங் முடிந்து, அயர்ன் ஆகி வரும் சட்டையை அளவு பிசகாமல் மடித்து, கவரில் போட்டு, சைஸ் வாரியாக அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். பேக்கிங் லிஸ்ட்டில் உள்ள எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் பெட்டியை ஒட்ட முடியாது. ஒழுங்காக அடுக்குவது பற்றி அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் எங்கள் பயணத்துக்கான கட்டைப்பை பத்தே நிமிடத்தில்தான் நிரம்பும். தீபாவளிக்கு ஆத்தா ஊருக்குப் போவோமா என்பது போனஸ் கைக்கு வரும் நாளைப் பொறுத்தது. அதற்கும் மேலாக, ஷிப்மென்ட் எப்போது கிளம்பும் என்பதைப் பொறுத்தது. ஒரு வருடம் சரக்கு முடியவில்லை. அம்மா விடியும்வரை பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். எங்கள் புதுத்துணி பையிலேயே கிடந்தது. சரக்கு கடல் தாண்டப் போனது, நாங்கள் ஊருக்குப் போகவில்லை. முன்கூட்டியே திட்டமிடச் சொல்லும் எழுத்து, தேதி நம் கையில் இருப்பதாக நம்பிக்கொண்டு எழுதப்படுகிறது.

அம்மாவாவது இரவு முடிந்தால் வீட்டுக்கு வந்தார். திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலை விடுதிகளுக்கு வெளியூர்களிலிருந்து வந்த இளம்பெண்களின் பை வேறு கதை. சுமங்கலித் திட்டத்தில் அது மூன்றாண்டுக்கான பை. கூலியின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, கடைசியில் மொத்தமாகக் கல்யாணச் செலவுக்குத் தருவதாகச் சொல்லி அழைத்தார்கள். 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்ட நாட்டில், வரதட்சணையைக் காட்டியே வேலைக்கு ஆள் சேர்த்தார்கள். அவர்கள் விடுதியை விட்டு வெளியே போகவும் போனில் பேசவும் இருந்த கட்டுப்பாடுகளை, நெதர்லாந்தின் சோமோ என்ற ஆய்வு அமைப்பு 2011-இல் வெளியிட்ட அறிக்கையில் பதிவு செய்தது. 2014-இல் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. எத்தனை நேர்த்தியாக அடுக்கினாலும், அந்தப் பை கேட்டைத் தாண்டும் நாளை அடுக்கியவள் முடிவு செய்வதில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெரிய விஷயம். ஆனால் அந்தப் பேருந்து அவளைத் திருப்பூர் பேருந்து நிலையம் வரைதான் கொண்டுவிடும். அங்கிருந்து தேனிக்கோ ராமநாதபுரத்துக்கோ போக டிக்கெட் வாங்க வேண்டும், அதற்குக் கூலி கையில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் லீவு கிடைத்திருக்க வேண்டும்.

அதனால் அந்த இதழ்ப் பக்கத்தைக் கிழித்துப் போடச் சொல்ல மாட்டேன். அதில் இரண்டு கட்டங்கள் சேர்க்கச் சொல்வேன். முதல் கட்டத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதை எடுத்து வைக்க வேண்டியவர் பெயர். சார்ஜருக்கு எதிரே சார்ஜர்காரர் பெயரே வரட்டும். இரண்டாவது கட்டத்தில், கிளம்பும் நாளையும் திரும்பும் நாளையும் முடிவு செய்தவர் பெயர். இரண்டையும் நிரப்பிய பிறகு பையை அடுக்கலாம், தோழி. சுருட்டி வைப்பதா மடித்து வைப்பதா என்பதை அப்புறம் பேசிக்கொள்வோம்.